விளையாட்டுக்குத்தானே சொன்னேன்!

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மகனின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வேலை நேரத்தில் பள்ளியின் எண் திரையில் தெரிந்தால் வயிறு ஒரு சுற்றுச் சுற்றும். காய்ச்சலா, காற்பந்தில் கையை உடைத்துக்கொண்டானா என்று நினைத்தபடி வெளியே வந்து எடுத்தேன். வகுப்பாசிரியை பேசினார். ரொம்ப நிதானமாகப் பேசினார். அந்த நிதானம்தான் பயமுறுத்தியது. வகுப்பில் ஒரு பகடிவதைச் சம்பவம், நேரில் வர முடியுமா என்று கேட்டார்.

என் மகனுக்கு 14 வயது. உயர்நிலை இரண்டில் படிக்கிறான். மெலிந்த உடம்பு, என்னைப்போல நல்ல கறுப்பு, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். அவனை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்ற கோபத்தோடுதான் எம்ஆர்டியில் ஏறினேன். பள்ளியில் என்ன கேட்க வேண்டும், எந்தத் தொனியில் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அடிவாங்கிய பிள்ளைதான். கையால் அடிக்கவில்லை, வாயால் அடித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். என் பிள்ளைக்கு அது நடக்க விடமாட்டேன் என்று அவன் பிறந்த அன்றே முடிவு செய்தவன் நான்.

அந்தச் சின்ன அறையில் ஆசிரியையும் பள்ளி ஆலோசகரும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் மூலையில் தலைகுனிந்து இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டது வேறொரு மாணவி. ஆரம்பித்தது உங்கள் மகன்.

தமிழ் வகுப்பில் அவனோடு படிக்கும் பிள்ளை அவள். இவனைவிட ஒரு நிழல் கூடுதல் கறுப்பு. அவளுக்கு இவன் ஒரு பெயர் வைத்திருக்கிறான். ‘டார்க் மோட்’. கைப்பேசித் திரையை இரவில் கறுப்பாக்கிக்கொள்கிறோமே, அதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்ட அந்த ஒரு நொடியில் எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டை மடித்து அடக்கினேன். ஆலோசகர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய பட்டப்பெயர்கள் தமிழ் வகுப்போடு நின்றுவிடும். கரிச்சட்டி என்றால் சீனப் பிள்ளைக்கோ மலாய்ப் பிள்ளைக்கோ புரியாது. இந்தப் பெயர் எல்லாருக்கும் புரிகிற பெயர். தமிழ் வகுப்பில் நான்கு பேர் சிரித்தது ஒரே வாரத்தில் முழு வகுப்புக்கும் போய்விட்டது. அடுத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அவளுடைய படத்தை வெட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி யாரோ ஒரு ஸ்டிக்கர் செய்திருக்கிறார்கள். அதைச் செய்தது என் மகன் இல்லை. ஆனால் மூன்று தடவை அனுப்பியிருக்கிறான். ஆசிரியை நாளையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார்.

அந்தப் பிள்ளை மூன்று மாதமாக இந்த வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். 2022 ஆகஸ்ட் மாதம் உள்ளரங்குகளிலும் முகக்கவசம் கட்டாயமில்லை என்று அறிவித்த பிறகு எல்லாரையும்போல அவளும் கழற்றிய கவசத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வலைப்பந்து விளையாடியவள். வெயிலில் நிற்க மாட்டேன், வேறு இணைப்பாட நடவடிக்கைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். கடைசியில் ஒருநாள் எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடாவைக் குழைத்து முகத்தில் பூசி, கன்னம் வெந்துபோய் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போதுதான் அவளுடைய அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.

மகனிடம் திரும்பி, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“விளையாட்டுக்குத்தான் பா சொன்னேன். அவளும் சிரிச்சா.”

*

அவளும் சிரித்திருப்பாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் நானும் சிரித்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்கள் ‘டாஃப்’ கிளப்பை மறந்திருக்க மாட்டார்கள். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். உடற்பருமன் உள்ள மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க 1992ஆம் ஆண்டு கல்வி அமைச்சு ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உயரத்தையும் எடையையும் அளந்து, கூடுதல் எடை உள்ள பிள்ளைகளைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்ய வைப்பார்கள். நல்ல நோக்கம்தான். எடை கூடிய மாணவர்களின் விகிதம் குறையவும் செய்தது. ஆனால் திட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்துப் பார்க்கவில்லை. டி, ஏ, எஃப். திருப்பினால் எஃப், ஏ, டி. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தொடக்கநிலை நான்கில் நான் அதில் சேர்க்கப்பட்டேன். இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் மீ கோரெங் வாங்க ஓடுவார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் திடலைச் சுற்றி ஓடுவோம். நூடல்ஸ் வாசனை திடல் வரைக்கும் வரும். மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். எடை பார்க்கிற நாளில் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். பின்னால் வரிசையில் நிற்கிறவனுக்கு அது காதில் விழும்.

மற்ற வகுப்புகளில் எனக்குப் பெயர் ‘ஃபேட்டி போம் போம்’. அது ஊருக்கே பொதுவான பெயர், அதனால் அவ்வளவு வலிக்கவில்லை. தமிழ் வகுப்பில் எனக்கு ‘அண்டா’ என்று பெயர். பொங்கலுக்கு முந்தைய வாரம் பாடநூலில் அண்டா படம் வந்தபோது முழு வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. நான்தான் முதலில் சிரித்தேன். வயிற்றில் தாளம் போட்டுக்கூடக் காட்டினேன். அன்றைக்கு என்னைச் சுற்றி ஒரே கூட்டம். கூட உட்கார ஆள் கிடைத்தது. கூட உட்கார ஆள் வேண்டுமென்றால் தாளம் போட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். உயர்நிலை நான்கு வரைக்கும் போட்டேன்.

அந்தத் திட்டத்தை 2007இல் நிறுத்தினார்கள். ஒல்லியோ குண்டோ, எல்லாப் பிள்ளைகளுக்குமான உடல்நலம் என்ற பொதுவான அணுகுமுறைக்கு மாறினார்கள். நான் இப்போது குண்டும் இல்லை. ஆனால் இந்த 42 வயதிலும் நண்பர்களோடு நீச்சல் குளத்துக்குப் போனால் டீசட்டையோடுதான் இறங்குகிறேன். வெயில் ஒத்துக்காது என்று சொல்லிக்கொள்வேன்.

ஆகவே அவள் சிரித்தாள் என்று மகன் சொன்னபோது அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று வாய் வரவில்லை.

*

வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் பேசவில்லை. இரவு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சமையலறையில் நின்றபடியே கேட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, விரலால் மேலே மேலே தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள்.

போன ஆண்டு ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். என் அக்காவின் கணவர் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். படத்துக்குக் கீழே நான் எழுதியிருக்கிறேன்: “மாமா மட்டும் டார்க் மோட்ல இருக்கார், யாராவது செட்டிங்ஸ மாத்துங்க.” அதற்கு 14 சிரிப்புமுகங்கள். அந்தப் பதினான்கில் ஒன்று மாமாவுடையது. இன்னொன்று என் மகனுடையது.

“உங்க பிள்ளை சொந்தமா யோசிச்சதுன்னு நினைச்சீங்களா?” என்றாள்.

என் வீட்டில் பெயர் வைப்பது என் வேலை. எதிர் வீட்டு அங்கிளுக்குத் தவில். மின்தூக்கியில் பார்க்கும் மெலிந்த அம்மாவுக்கு ஓமப்பொடி. புளோக்கின் கீழே காப்பிக் கடையில் தேநீர் ஆற்றுகிற வழுக்கைத் தலைக்காரருக்கு எல்இடி. சாப்பாட்டு மேசையில் நான் இந்தப் பெயர்களைச் சொல்லி நடித்துக் காட்டுவேன், வீடே சிரிக்கும். என் மகன் பேசப் பழகிய காலத்தில் எல்லாரையும் இந்தப் பெயர்களால்தான் அறிவான். வயிற்றில் தாளம் போட்ட பையன் வளர்ந்ததும் அடுத்தவர் வயிற்றில் தாளம் போட ஆரம்பித்திருக்கிறான். யாரும் தடுக்கவில்லை. நல்ல நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர் என்று பெயர்தான் கிடைத்தது.

இதை நான் மட்டும் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்று யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “என்ன இப்படிக் கறுத்துட்டே?”, “என்ன இப்படி ஊதிட்டே?” என்பதுதான் முதல் நலம் விசாரிப்பு. நலமா என்பது மூன்றாவது கேள்வி. பிள்ளை பிறந்த வீட்டில் கை, கால் நன்றாக இருக்கிறதா என்று கேட்ட கையோடு காது மடலைப் பார்த்து நிறத்துக்கு ஆருடம் சொல்வார்கள். வேட்டியும் சேலையும் மாறினாலும் இந்தக் காது மடல் பார்க்கிற வழக்கம் மாறவில்லை.

சினிமாவும் சும்மா இல்லை. ‘டாஃப்’ நின்ற அதே 2007ஆம் ஆண்டில்தான் ‘சிவாஜி’ படம் வந்தது. அதில் முகத்தில் கறுப்புப் பூசிய இரண்டு பெண்களை அங்கவை, சங்கவை என்று அறிமுகப்படுத்துவார்கள். பாரி வள்ளலின் மகள்களுக்கு நம் மரபு வழங்கும் பெயர்கள் அவை. பெண்ணைப் பார்த்ததும் ஆள் மிரள வேண்டும், அதுதான் நகைச்சுவை. அரங்கம் அதிர்ந்தது. நானும் சேர்ந்துதான் அதிர்ந்தேன். இத்தனைக்கும் படத்தின் நாயகனே கறுப்பு. அந்த ஆண்டு இங்கே பள்ளியில் படித்த கறுப்பு நிறத் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் அங்கவை ஆனார்களோ தெரியாது. என் உறவில் ஒருத்தி ஆனாள். 2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீம் தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்துக்கொண்டது. டப்பாவில் பெயர் மாறியது. காது மடல் பார்க்கிறவர்கள் டப்பாவைப் படிப்பதில்லை.

*

மறுவாரம் பள்ளி ஆலோசகரை மறுபடியும் சந்தித்தேன். இந்த முறை பெற்றோர் இருவரும் போனோம். அவரிடம் பேசியதிலும், பிறகு நானாகத் தேடிப் படித்ததிலும் சில விஷயங்கள் பிடிபட்டன.

கேலிக்கும் பகடிவதைக்கும் கோடு எங்கே என்பது எல்லாருக்கும் வரும் சந்தேகம். இந்தத் துறையை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் டான் ஓல்வேயஸ். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர். அங்கே 1980களின் தொடக்கத்தில் மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, 1983இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிரில் இருப்பவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பலவீனம் ஆகிய மூன்றையும் அவர் பார்க்கச் சொன்னார். என் மகன் நோகடிக்க நினைக்கவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். ஆலோசகர் கேட்டார்: “முதல் நாள் நினைக்கவில்லை, சரி. அவள் ஜாக்கெட் போட ஆரம்பித்த பிறகும் சொன்னானே, அப்போது?” என்னிடம் பதில் இல்லை.

பதின்ம வயதில் ஏன் இது இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் எழுதியது. இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்றார். ஒரு பருவுக்காக விருந்துக்கு வரமாட்டேன் என்று மகள் அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். யாரும் உன்னைப் பார்க்கவில்லை, வா என்று இழுத்துக்கொண்டு போவோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் பட்டப்பெயர் வாங்கிய பிள்ளைக்கு அது உண்மையில்லை. அவளை நிஜமாகவே முப்பது பேர் பார்க்கிறார்கள், கைப்பேசியில் படமே இருக்கிறது.

யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், உலகளவில் ஏறத்தாழ மூன்று மாணவர்களில் ஒருவர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையாவது பகடிவதைக்கு ஆளானதாகச் சொல்லப்பட்டது. காரணங்களில் முதலிடம் தோற்றத்துக்கு. எடை, பல், மூக்கு எல்லாம் அதில் அடக்கம். இங்கே அதோடு தரமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் காலத்தில் ‘நார்மல்’ என்பது வசை. 2024இல் உயர்நிலைக்குப் போன மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். பாடங்களுக்கு இப்போது ஜி1, ஜி2, ஜி3 என்று நிலைகள். “நீ ஜி1டா” என்பது வசையாகிவிட்டது என்று மகன் சொல்கிறான்.

பிள்ளை இப்படி ஒரு பெயரோடு வீட்டுக்கு வந்தால் நாம் சொல்வது மூன்றே மூன்று. கண்டுக்காதே. நீயும் திருப்பிச் சொல்லு. யார் சொன்னது, நீ அழகுதான். என் அம்மா மூன்றையும் என்னிடம் சொல்லியிருக்கிறார். கண்டுக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. திருப்பிச் சொல்ல வாய் இருக்கிற பிள்ளைக்கு இந்த நிலைமை வந்திருக்காது. அழகுதான் என்று அம்மா சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை, அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதற்குத் தெரியும்.

ஆலோசகர் சொன்ன ஒன்று என் மனதில் நின்றது. பெரும்பாலான பிள்ளைகள், என்னைக் கேலி செய்கிறார்கள் என்பது வரைதான் சொல்வார்களாம். என்ன பெயர் என்று சொல்ல மாட்டார்கள். தன் வாயால் சொன்னால் அது தன் பெயராகிவிடும் என்ற பயம். அவசரப்படாமல், அந்தப் பெயர் வெளியே வருகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், வந்ததும் சிரிக்கவும் வேண்டாம், பதறவும் வேண்டாம் என்றார். சிரிக்கவும் வேண்டாம் என்றபோது என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று, வேடிக்கை பார்க்கிறவர்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘கீவா’ என்ற பள்ளித் திட்டம், கேலி செய்கிறவனைவிடச் சுற்றி நிற்கிறவர்கள் மீதுதான் அதிகக் கவனம் வைக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் நாடகம் இரண்டாவது காட்சிக்குப் போகாது. எங்கள் மகனின் வகுப்பிலும் ஆசிரியை அதைத்தான் செய்தார். ஸ்டிக்கர் அனுப்பியவர்களைத் தனியாகவும், சிரிப்புமுகம் போட்டவர்களைத் தனியாகவும் கூப்பிட்டார். இரண்டாவது பட்டியல்தான் நீளமாக இருந்ததாம்.

பள்ளி ஒருபக்கம் இருக்க, வெளியேயும் கதவுகள் உண்டு. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் பேச சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ இருக்கிறது: 1800 2744 788. பெரிய பிள்ளைகளும் பெற்றோரும் 1771 என்ற தேசிய மனநல எண்ணை அழைக்கலாம். உயிர் வேண்டாம் என்ற பேச்சு வந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767, எந்த நேரத்திலும். எல்லை மீறினால் துன்புறுத்தலுக்கு எதிராக 2014இல் வந்த சட்டமும் இருக்கிறது, அது இணையத்தில் நடப்பதற்கும் பொருந்தும். அந்தப் பிள்ளையின் பெற்றோர் அந்த வழிக்குப் போகவில்லை. போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

*

தண்டனை பற்றிக் கேட்பீர்கள். பள்ளி அவனுக்குத் தடுப்பு வகுப்பும் ஆலோசனையும் கொடுத்தது. என் பங்குக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். தேக்காவில் நல்ல இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, மகனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது. சட்டையைக்கூட எடுத்து மாட்டிவிட்டேன்.

மனைவி தடுத்தாள். “அந்தப் புள்ள வீட்டு வாசல்ல போய் நின்னா அவ என்ன செய்வா? பரவால்ல அங்கிள்னு சொல்லியாகணும். புண்ணும் குடுத்துட்டு, அத ஆறிடுச்சுன்னு சொல்ற வேலையும் அவளுக்கேவா?”

ஆசிரியையும் அதையேதான் சொன்னார். அவள் எப்போது கேட்கத் தயாரோ அப்போது பார்க்கலாம், மகன் ஒரு கடிதம் எழுதித் தன்னிடம் கொடுத்துவைக்கட்டும் என்றார். கொடுத்திருக்கிறான். அவள் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் மனைவி, பள்ளி மூலமாகக் கேட்டு அனுமதி வாங்கி, அவளுடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன். முதல் ஐந்து நிமிடம் அந்த அம்மா கொட்டித் தீர்த்தார். கன்னத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது என்றார். மனைவி குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரு நீண்ட அமைதி. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தோம்.

“உங்க பையன மட்டும் சொல்லி என்னக்கா ஆகப்போவுது,” என்றார் அவர். “வீட்ல நாங்க எல்லாருமே அவளக் கறுப்பின்னுதான் கூப்பிடுவோம். எங்க மாமியார் வச்ச பேரு. செல்லமாத்தான். இப்ப கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா, எதுக்கும்மா புதுசா பேரச் சொல்ற, உனக்கும் தெரிஞ்சிருச்சான்னு கேக்குறா.”

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் தன் கைப்பேசியில் இருந்த ஸ்டிக்கரை அழித்துவிட்டான். ஆனால் அது எத்தனை பேரிடம் போயிற்று என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொருவராகக் கேட்டு அழிக்கச் சொல்லவேண்டும் என்று சொன்னேன். ஒரு தாளில் பெயர் எழுதி வைத்துக்கொண்டு கேட்டான். சிலர் அழித்தார்கள். சிலர் அழித்துவிட்டேன் என்று சொன்னார்கள். ஒருவன், “இப்ப நீ பெரிய நல்லவனாடா?” என்று கேட்டுவிட்டு அதே ஸ்டிக்கரை இவனுக்கே திருப்பி அனுப்பினான்.

அன்று இரவு அவன் தூங்கவில்லை. வரவேற்பறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். நான் தண்ணீர் குடிக்க வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆலோசகர் சொன்னது நினைவிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும்.

“செக் ஒன்ல நான் கிளாஸுக்குள்ள போனா லைட்ட ஆஃப் பண்ணுவாங்க பா,” என்றான். “எங்க போயிட்டான், எங்க போயிட்டான்னு தேடுவாங்க. பல்லக் காட்டு, பல்லக் காட்டுன்னு சொல்லுவாங்க. நான் காட்டுவேன்.”

விளக்கை அணைத்தால் பல் மட்டும் தெரியும் என்ற அந்த நகைச்சுவைக்கு இந்த ஊரில் என் வயதைவிட அதிக வயது. என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். தேசிய சேவையில் சொன்னார்கள், முதல் வேலையில் சொன்னார்கள். என் பிள்ளையிடம் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதே மேசையில் தினமும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. நான் தவிலும் ஓமப்பொடியும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட அப்பாவிடம் எந்தப் பிள்ளை வந்து சொல்வான்?

“அப்புறம் எப்படி நின்னுச்சு?” என்று கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நான் அவளுக்குப் பேர் வச்சேன் பா. அதுக்கப்புறம் என்னை விட்டுட்டாங்க.”

எனக்கு 14 வயதில் இந்த வழி தோன்றவில்லையே என்று ஒரு கணம் நினைத்தேன். தோன்றியிருந்தால் எங்கள் வகுப்பில் என்னைவிடக் குண்டான ஒரு பையன் இருந்தான், அவனிடம் தள்ளிவிட்டிருப்பேன். தோன்றாததால்தான் தாளம் போட்டேன். இதையும் மகனிடம் சொன்னேன். அண்டா என்ற பெயரையும் சொன்னேன். என் மனைவிக்கே அதுவரை தெரியாத பெயர் அது. சொல்லும்போது நாக்கு ஒரு நொடி ஒட்டிக்கொண்டது. அவன் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாமாவைத் தனியே பால்கனிக்குக் கூப்பிட்டு, அந்தக் கல்யாணப் படத்துக்குக் கீழே எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எந்தப் படம் என்று கேட்டார். சொன்னேன். “அட போடா, அதெல்லாம் நான் மறந்தே போயிட்டேன்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். நான் அதற்கு மேல் பேசவில்லை. அவரும் உள்ளே போகவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றோம்.

வீட்டில் இப்போது சாப்பாட்டு மேசை கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. எதிர் வீட்டு அங்கிளின் உண்மையான பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மனைவி போய்க் கேட்டு வந்தாள்.

மகனிடம் நான் எதுவும் விசாரிப்பதில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு அவனாகவே சொல்கிறான். இந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரே செய்திதான்.

“இன்னிக்கும் ஜாக்கெட் போட்டுட்டுத்தான் பா வந்தா.”